உள்ளங்கை ஈரம்

போன நவம்பரில் எங்கள் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்எம்எம்எஸ் என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வுக்கு மாதிரித் தேர்வு வைத்தோம். ஜெராக்ஸ் எடுத்த ஓஎம்ஆர் தாள், கறுப்புப் பந்துமுனைப் பேனா, ஒன்றரை மணி நேரம். நான்தான் மேற்பார்வை. மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை கைக்குட்டையை நாலாக மடித்து மணிக்கட்டுக்கு அடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வட்டத்தைக் கறுப்பாக்குவாள். பேனாவைக் கீழே வைப்பாள். உள்ளங்கையைத் தொடையில் அழுத்தித் துடைப்பாள். மறுபடி பேனாவை எடுப்பாள். ஐம்பதாவது கேள்வி வருவதற்குள் தாளின் கீழ்ப்பாதி ஊறிவிட்டது. ஈரத்தாளில் பந்துமுனைப் பேனா எழுதாது. அழுத்தினால் தாள் கிழியும். கிழிந்தது. அவள் எழுந்து, "டீச்சர், வேற தாள் இருக்குமா?" என்று கேட்டாள். கேட்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

அந்தக் கைக்குட்டை மடிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாக மடித்தால் பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். நாலாக மடித்தால் அரை மணி நேரம் தாங்கும். அப்புறம் உள்பக்கத்தை வெளியே திருப்பிக்கொள்ள வேண்டும். இதை நான் பத்தாம் வகுப்பில் கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு அவள்தான் காரணம். எனக்கு 41 வயதாகிறது. என் கை ஓயாமல் வேர்ப்பதற்கு ஒரு பெயர் உண்டு, அதற்கு மருத்துவம் உண்டு என்று எனக்குத் தெரிந்தபோது வயது 34. நடுவில் போன வருடங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்திக்கும் அப்படிப் போகக் கூடாது.

எங்கள் ஊர் கோவில்பட்டி. கரிசல் காடு. வெயிலுக்குக் கேட்க வேண்டாம். அதனால் வேர்வை என்பதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லாருக்கும்தான் வேர்க்கிறது. ஆனால் எனக்கு மார்கழி விடியற்காலையிலும் கை சொட்டும். மற்றப் பிள்ளைகள் கோலப்பொடியை இரண்டு விரலில் எடுத்து நூல் பிடித்த மாதிரி இழை இழுப்பார்கள். என் விரலில் பொடி களியாக ஒட்டிக்கொள்ளும். இழை விழாது, கட்டி கட்டியாக விழும். புள்ளி வைக்கிற வேலை மட்டும் எனக்கு. வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் நான் நடந்தால் பாதத்தின் தடம் ஐந்து விரலோடு அப்படியே பதியும். ஆச்சி அதைப் பார்த்து "மகாலட்சுமி பாதம்" என்பாள். அந்த ஒரு சொல்தான் அந்த வயதில் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

வெளியே வேறு பேச்சு. உடம்பு சூடு என்றார்கள். ரத்தம் கொதிக்கிறது என்றார்கள். பயந்த சுபாவம் என்றுதான் அதிகம் பேர் சொன்னார்கள். பள்ளியில் கைகோத்து வட்டமாக நிற்கச் சொன்னால் என் இரண்டு பக்கமும் நிற்கிற பிள்ளைகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்கள், கையை அல்ல. எனக்குப் பேச்சுப் போட்டிக்குப் பயமில்லை. பரிசு வாங்கும்போது கை கொடுக்க வேண்டுமே என்றுதான் பயம். அதனால் போட்டிக்கே பெயர் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். பார்ப்பவர்களுக்குப் பயத்தால் கை வேர்க்கிறது என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. கை வேர்த்துவிடுமே என்ற பயம், அந்தப் பயத்துக்கு இன்னும் கொஞ்சம் வேர்வை, இப்படியே அது சுற்றிக்கொண்டிருந்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. மோர், வெந்தயம், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், வெட்டிவேர்த் தண்ணீர். மருதாணி வைத்தால் மட்டும் இரண்டு மூன்று நாள் கை கொஞ்சம் சொன்னபடி கேட்கும். மருதாணியில் துவர்ப்பு உண்டு, துவர்ப்பு தோலின் மேற்பரப்பைச் சற்று இறுக்கும். அது காய்ந்து உதிர்ந்து சிவப்பு மங்கும்போது பழையபடி ஆகிவிடும். வருடம் முழுக்க மருதாணிக் கையோடு திரிந்த பெண் என்று என் வகுப்புத் தோழிகள் என்னை இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். அழகுக்கு வைத்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

பி.எட். முடித்து அறிவியல் ஆசிரியை ஆனபோது எதிர்பாராத ஒரு துணை கிடைத்தது. சாக்பீஸ். சாக்பீஸ் தூள் கையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கரும்பலகை முன்னால் நிற்கிற நாற்பது நிமிடமும் என் கை சாதாரணக் கை. நான் பாடத்தை எழுதிப் போட்டு நடத்துகிறேன் என்று தலைமை ஆசிரியர் பாராட்டினார். பாடத்தின் மேல் எனக்குப் பிரியம் உண்டு, அது உண்மை. கரும்பலகையை விட்டு விலக மனமில்லை என்பதும் உண்மை.

கல்யாணத்தில் அக்னியைச் சுற்றி வரும்போது கையைப் பிடித்தவர் காதருகே, "கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். அவர் ஈரத்தைச் சொல்லவில்லை, குளிர்ச்சியைத்தான் கேட்டார். வேர்வை ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதனால் ஓயாமல் வேர்க்கும் கை எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும். இதை வகுப்பில் நடத்துகிற எனக்கே அன்றைக்கு அது ஒரு பாடமாகத் தோன்றவில்லை, அவமானமாகத்தான் தோன்றியது.

மருத்துவரிடம் என்னை அனுப்பிவைத்தது ஒரு கருவி. பள்ளிக்குப் பயோமெட்ரிக் வருகைப்பதிவு வந்தது. ஈர விரலை வைத்தால் ரேகையின் மேடுபள்ளம் தெரியாது, கருவி ஏற்காது. காலையில் பத்துப் பேர் பின்னால் நிற்க, நான் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருப்பேன். ரேஷன் கடையிலும் அதே கதை. ஒரு நாள் என்னோடு வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியை தனியாகக் கூப்பிட்டு, "இதுக்கு ஸ்கின் டாக்டரைப் பாருங்க டீச்சர், என் நாத்தனாருக்கும் இருந்தது" என்றார். இதைத் தோல் மருத்துவரிடம் காட்டலாம் என்பதே எனக்கு அதுவரை தோன்றவில்லை. அதற்கு முன்னால் பார்த்த ஒரு பொது மருத்துவர், டென்ஷனைக் குறைங்கம்மா என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

மதுரையில் பார்த்த தோல் மருத்துவர் என் கையைத் தொட்டுப் பார்க்கும் முன்னால் கேள்வி கேட்டார். எந்த வயதில் ஆரம்பித்தது? இரண்டு கையிலும் ஒரே மாதிரியா? பாதத்திலும் உண்டா? தூங்கும்போது வேர்க்குமா? தூங்கும்போது கை காய்ந்திருக்கும் என்று நான் சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப இது வேற நோய்க்கு அறிகுறியா வர்ற வேர்வை இல்லை. இதுவே ஒரு தனிப் பிரச்சினை" என்றார். ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று சீட்டில் எழுதினார். மிகை வேர்வை. கடைசியாக ஒன்று கேட்டார்: "வீட்டில் வேற யாருக்காவது இருக்கா?" இல்லை என்றேன். அது தவறு என்பது பிறகுதான் தெரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

பிறகு என் வலது உள்ளங்கையில் அயோடின் கரைசலைப் பூசிக் காயவிட்டு, மேலே மாவைத் தூவினார். அரை நிமிடத்தில் புள்ளி புள்ளியாகக் கருநீலம் கிளம்பியது. புள்ளிகள் சேர்ந்து விரல் முழுக்க, உள்ளங்கை முழுக்க இருண்டது. மாவுச்சத்தும் அயோடினும் ஈரத்தில் சந்தித்தால் கருநீலம். வருடா வருடம் உருளைக்கிழங்குத் துண்டை வைத்து நான் பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே சோதனை. விக்டர் மைனர் என்ற மருத்துவர் 1928இல் வேர்வைக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார், அவர் பெயரிலேயே மைனர் சோதனை என்கிறார்கள். என் கையே சோதனைப் பொருளாகி அந்த மேசையில் கிடந்தபோது எனக்கு அழுகை வந்தது. வருத்தத்தால் அல்ல. முதன்முறையாக அது என் குணமாக இல்லாமல் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளாக இருந்தது.

அவர் விளக்கியதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வேர்வைச் சுரப்பிகள் உண்டு. அவை மிக நெருக்கமாக இருப்பது உள்ளங்கையிலும் பாதத்திலும். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடம்புச் சூட்டைக் கவனித்துக்கொண்டு, பரிவு நரம்புகள் என்ற, நம் விருப்பத்தைக் கேட்காமல் வேலை செய்யும் நரம்புகள் வழியே சுரப்பிகளுக்குச் செய்தி அனுப்பும். அந்த நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளிப்பட்டதும் சுரப்பி வேலை செய்யும். முதுகும் நெற்றியும் பெரும்பாலும் சூட்டுக்குப் பணியும். உள்ளங்கையும் பாதமும் மனத்தின் பரபரப்புக்கு அதிகம் பணியும். மிகை வேர்வை உள்ளவர்களின் சுரப்பியை எடுத்துப் பார்த்தால் எண்ணிக்கையும் அளவும் சாதாரணம்தான். வருகிற செய்திதான் அளவுக்கு மீறி வருகிறது. ஆக, மோர் குடித்துச் சூட்டைத் தணித்தால் தீராது. மனத்தைத் திடப்படுத்து என்று திட்டினாலும் தீராது. பதற்றமே ஒரு தனித் தொல்லையாகிவிட்டவர்களுக்கு மனநல ஆலோசனை நிச்சயம் உதவும். ஆனால் கை வேர்ப்பதற்குக் கோழைத்தனம் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இது அபூர்வமும் அல்ல. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கெடுப்பு 100 பேரில் கிட்டத்தட்ட 3 பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. நாற்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பறை ஒவ்வொன்றிலும் ஒருவராவது கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் ஆசிரியையாக நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போகக் கூடாது. சிறுவயதில் ஆரம்பித்து, இரண்டு பக்கமும் சமமாக, கை, பாதம், அக்குள், முகம் என்று சில இடங்களில் மட்டும், விழித்திருக்கும்போது மட்டும் வருகிற வேர்வையைத்தான் நான் பேசுகிறேன். நடுவயதில் திடீரென்று உடம்பு முழுக்க வேர்க்க ஆரம்பித்தால் அது வேறு. இரவில் தூக்கத்தில் சட்டை நனைகிறது, காய்ச்சல் இருக்கிறது, எடை குறைகிறது என்றால் காசநோயா என்று முதலில் பார்க்க வேண்டும். நிணநீர்ப் புற்றுநோயிலும் அப்படி வரும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், மாதவிடாய் நிற்கும் வயதிலும், மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் வேர்க்கும். என் மாமனார் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர். ஒரு நாள் காலைச் சாப்பாடு தாமதமாகி, பதினொரு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெற்றியில் முத்து முத்தாக வேர்த்து, பேச்சு குழறியது. சர்க்கரை இறங்கிவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பத்து நிமிடத்தில் சரியானார். நெஞ்சு வலியோடு குளிர்ந்த வேர்வை கொட்டினால் கட்டுரை படித்துக்கொண்டிருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும்.

சரி, மருத்துவத்துக்கு வருகிறேன். முதலில் தந்தது அலுமினியம் குளோரைடு 20 சதவீதம் உள்ள திரவம். அந்த உப்பு வேர்வைக் குழாயின் வாயில் ஒரு அடைப்பை உண்டாக்கும். நான் முதல் வாரம் தப்பாகப் பூசினேன். கையைக் கழுவி, துண்டில் ஒற்றி, உடனே பூசினேன். தீப்பட்ட மாதிரி எரிந்து தோல் சிவந்துவிட்டது. ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலமாகும். அதனால்தான் எரிச்சல். இரவு படுக்கப் போகும் முன், மின்விசிறிக்கு அடியில் கையை நன்றாகக் காயவைத்துவிட்டுப் பூச வேண்டும். தூக்கத்தில் வேர்க்காது, அப்போதுதான் மருந்து உள்ளே இறங்கி உட்காரும். காலையில் கழுவிவிடலாம். பலன் தெரிகிறவரை தினமும், அப்புறம் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் போதும். அக்குளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. முடி மழித்த அன்று மட்டும் பூசக் கூடாது. உள்ளங்கைத் தோல் தடிமன், அங்கே பலன் குறைவு. எனக்குப் பாதிதான் நின்றது.

அடுத்து அயன்டோபோரெசிஸ். பெயர்தான் பெரிது, செயல் எளிது. இரண்டு தட்டு, இரண்டிலும் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் உலோகத் தகடு, தகட்டின் மேல் ஒரு துணி. தட்டுக்கு ஒரு கையாக இரண்டு கையையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டால் 15, 20 மில்லி ஆம்பியர் அளவுக்கு மெல்லிய மின்சாரம் தண்ணீர் வழியே கைக்குள் போகும். இருபது நிமிடம். முதலில் வாரத்துக்கு மூன்று நான்கு தடவை, கை காய்ந்த பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. நிறுத்தினால் சில வாரத்தில் வேர்வை திரும்பிவிடும். தண்ணீர் மட்டத்தில் மணிக்கட்டைச் சுற்றிச் சுருக் சுருக்கென்று எறும்பு கடிப்பது போல இருக்கும். விரலில் கீறல் இருந்தால் அந்த இடம் துள்ள வைக்கும், அதன்மேல் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும். மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், மின்சாரம் போகிற வழியில் எலும்புக்கு உலோகக் கம்பி வைத்தவர்கள் இதைத் தொடவே கூடாது.

மருத்துவமனையில் சில நாள் செய்து பார்த்துவிட்டு, அவர் சொன்னபடி வீட்டுக்கே ஒரு கருவி வாங்கினேன். முதல் நாள் வீட்டில், மின்சார அளவைக் காட்டும் முள் எழும்பவே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்காரருக்கு போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "கேன் தண்ணி ஊத்துனீங்களா?" ஆமாம், சுத்தமாக இருக்கட்டும் என்று கேன் தண்ணீர்தான் ஊற்றியிருந்தேன். சுத்திகரித்த தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. உப்புக் குறைந்த தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது. இதையும் நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், பருப்பு வேகாது, பக்கெட் வெள்ளையாகப் படியும், காலமெல்லாம் அதைத் திட்டியிருக்கிறோம். அதை ஊற்றியதும் முள் சட்டென்று எழும்பியது.

யூடியூப் பார்த்துப் பழைய சார்ஜர் வயரை வைத்து இதைச் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டு கை வழியாகப் போகிற மின்சாரம் நெஞ்சு வழியாகத்தான் போகும்.

எட்டாவது தடவை வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்தாவது தடவை முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அரையாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பதினைந்து தாள் திருத்திய பிறகுதான் கவனித்தேன், கைக்குட்டை மேசையில் மடித்தது மடித்தபடி கிடக்கிறது. தாளைத் திருப்பினேன். காகிதம் விரலில் ஒட்டவில்லை. இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று தேய்த்தேன். சரசரவென்று ஒரு சத்தம் வந்தது. என் கையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை அதுவரை நான் கேட்டதே இல்லை. அடுக்களையில் இருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தேய்த்துக் காட்டினேன். "என்ன?" என்றார். "கேளுங்க" என்றேன்.

மற்ற வழிகளைப் பற்றி எல்லாரும் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் என்று மாத்திரைகள் உண்டு. அசிட்டைல்கோலினின் செய்தி சுரப்பிக்குப் போய்ச் சேராமல் தடுக்கும். மூன்று மாதம் சாப்பிட்டேன். கை காய்ந்தது, வாயும் காய்ந்தது. நாள் முழுக்கப் பேசுகிற தொழிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டினால் எப்படி? மலச்சிக்கல், பார்வை மங்கல், சிறுநீர் தடைப்படுவது எல்லாம் வரலாம். அதைவிட முக்கியம், உடம்பு முழுவதுமே வேர்வை குறைவதால் மே மாத வெயிலில் உடம்பு தன்னைத் தணித்துக்கொள்ள முடியாமல் போகும். மாத்திரை எடுக்கிறவர்கள் நடுப்பகல் வெயிலில் அலையக் கூடாது. நான் ஏப்ரலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

போடாக்ஸ் ஊசி அக்குள் வேர்வைக்கு நல்ல பலன் தருகிறது. அமெரிக்காவில் 2004இல் அதற்கு அனுமதி கிடைத்தது, பக்கத்துக்கு 50 அலகு மருந்தைப் பல இடங்களில் சிறு சிறு ஊசியாகப் போடுவார்கள். மாதக்கணக்கில் நிற்கும், அப்புறம் மறுபடி போட வேண்டும். கையில் போட்டால் வலி அதிகம், சில வாரம் விரல் பிடியில் பலம் குறையலாம். செலவும் எங்களைப் போன்றவர்கள் தாங்குகிற மாதிரி இல்லை. அக்குள் சுரப்பிகளை நுண்ணலையால் அழிக்கும் முறையும் இருக்கிறது, அது கைக்கு ஆகாது.

அறுவை சிகிச்சையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மார்புக்குள் சிறு குழாய் விட்டு, முதுகெலும்பை ஒட்டி ஓடும் பரிவு நரம்புச் சங்கிலியை வெட்டுவார்கள் அல்லது கிளிப் போடுவார்கள். என்னோடு பி.எட். படித்தவரின் தம்பி செய்துகொண்டார். மயக்கம் தெளிந்து எழுந்தபோதே கை காய்ந்திருந்தது. வீடே கொண்டாடியது. இரண்டு மாதம் கழித்து நெஞ்சு, முதுகு, வயிறு எல்லாம் வேர்க்க ஆரம்பித்தது. கையில் தடுத்ததை உடம்பு வேறு இடத்தில் திறந்துவிட்டது. இதை ஈடுசெய் வேர்வை என்கிறார்கள். செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது வரும், சிலருக்குக் கடுமையாக வரும். அவர் இன்றைக்கும் அலுவலகத்துக்கு இரண்டு சட்டை எடுத்துக்கொண்டுதான் போகிறார். வெட்டிய நரம்பைப் பழையபடி ஆக்குவது பெரும்பாலும் நடக்காத காரியம். தைவானில் 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சையை 2004இல் தடை செய்தார்கள். செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் முறையாக, போதிய நாள் செய்து பார்க்காமல், ஒரே நாளில் முடிந்துவிடும் என்ற ஆசையில் அங்கே போகாதீர்கள்.

பாதத்துக்கு ஒரு வார்த்தை. வேர்வைக்கு என்று நாற்றம் கிடையாது, அதைத் தின்னும் பாக்டீரியாவால்தான் நாற்றம். காலையிலிருந்து மாலை வரை ஷூவுக்குள் ஊறிய பாதத்தில் குதிகாலிலும் முன்பாதத்திலும் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து, கடும் நாற்றம் வந்தால், அது அழுக்கு அல்ல, ஒரு தொற்று. களிம்பு பூசினால் ஆறிவிடும். இரண்டு ஜோடி ஷூ இருந்தால் ஒன்றை ஒரு நாள் முழுக்கக் காயவிடலாம். ஒரே ஜோடி ஷூவோடு வருடம் ஓட்டுகிற பிள்ளைகளை வகுப்பில் மூக்கைப் பொத்திக் காட்டி நோகடிக்கிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டாரே, அதற்கு வருகிறேன். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி அம்மாவிடம் சீட்டைக் காட்டி, கை வேர்ப்பது ஒரு நோயாம், பரம்பரையாகவும் வருமாம் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு முந்தானையிலிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள். ரேகை ரேகையாக மின்னியது.

என் அம்மாவின் முந்தானை நுனி எப்போதும் ஈரமாக இருக்கும். பாத்திரம் கழுவிய ஈரம் என்று நினைத்தே 34 வருடம் வளர்ந்திருக்கிறேன்.

அம்மா பத்து வயதில் தீப்பெட்டி வேலைக்குப் போனவள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அந்த வேலைதான். மரச்சட்டத்தில் குச்சி அடுக்குகிறவர்களுக்குக் கூலி கொஞ்சம் கூட. ஈரக்கை பட்டால் குச்சி நமத்துவிடும் என்று அம்மாவை அதில் உட்காரவிடவில்லை. "உனக்குப் பெட்டி ஒட்டுறதுதான் சரிப்படும்னு பசையைக் கையில குடுத்துட்டாங்க. பசை கையில இருந்தா ஈரம் யாருக்குத் தெரியப் போவுது" என்றாள். எனக்குச் சாக்பீஸ், அவளுக்குப் பசை. "எங்கிட்ட ஏம்மா சொல்லலை?" என்று கேட்டேன். "என்னத்தைட்டி சொல்ல? உனக்கும் வந்துருச்சேன்னு எனக்கே மனசு கெடந்து அடிச்சுக்கும். நான் குடுத்ததுதானேன்னு."

தண்ணீரும் மின்சாரமும் வைத்துச் செய்கிற இந்த எளிய கருவி 1968லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. அவள் பசையில் கையை வைப்பதற்கு இரண்டு வருடம் முன்னால். இதைப் படித்த அன்று எனக்கு யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

கருவி வந்ததும் அம்மாவையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "இனிமே எதுக்குட்டி எனக்கு, நீ வச்சுக்கோ" என்று ஏழு வருடமாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள்.

மாதிரித் தேர்வு முடிந்த சாயங்காலம் அந்தப் பிள்ளையை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டேன். எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாரமாகக் கருவியில் கை வைக்காததால் என் கையில் லேசாக ஈரம் கட்டியிருந்தது. அதை அவளிடம் நீட்டினேன். அவள் தொட்டுப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குமா டீச்சர்?" என்றாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். அவள் கயிறு தாண்டும் போட்டியிலிருந்து விலகிக்கொண்டதும், சாமி கும்பிடும்போது கூட விபூதி கையில் களியாவதும், செல்போன் திரை அவள் விரலுக்குக் கேட்காததும் எல்லாம் வந்தது.

அவள் அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். "பொம்பளப் புள்ள டீச்சர், வியாதின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார். நான் என் தாலியைக் காட்டினேன், என் கையையும் காட்டினேன். அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே தோல் பிரிவில் பார்த்து லோஷன் தந்தார்கள், அது போதாமல் போகவே இந்தக் கருவியையும் வைக்கலாம் என்றார்கள். புதன், சனி, ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். தம்பியும் கூட வருவான், அவனுக்கு முறுக்கு.

ஆறு வாரம் ஆகிறது. அவள் கை முழுதாகக் காய்ந்துவிடவில்லை. ஆனால் போன வாரம் இன்னொரு மாதிரித் தேர்வு வைத்தோம், கைக்குட்டை இருந்தது, ஒரு தடவை மடித்த கைக்குட்டை. தாளை அவளே கொண்டுவந்து கொடுத்தாள், கிழியாமல்.

அவள் தட்டில் கை வைத்திருக்கும் இருபது நிமிடமும் என் அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். சுருக்குன்னு குத்துதா, எந்த விரல்ல குத்துது, தண்ணி ஆறிருச்சா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பிள்ளையும் சலிக்காமல் பதில் சொல்வாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகு தட்டைக் கழுவலாம் என்று அடுக்களையிலிருந்து வந்தேன். தண்ணீரை இன்னும் கொட்டவில்லை. அம்மா முக்காலியில் உட்கார்ந்து, இடது கை வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். வலது கையில் ஏற்கெனவே இல்லை.